திருநாடு அடைந்தவர் பெயரால் செய்யும் தர்மம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

அன்புக்குரிய ஒருவர் ஆசார்யன் திருவடி அடைந்தபின், அவர் பெயரால் ஏதேனும் ஒரு தர்மம் செய்ய வேண்டும் என்னும் எண்ணம் அநேகமாக எல்லாத் திருமாளிகைகளிலும் எழுகிறது. சரம கைங்கர்யங்கள் நிறைவேறி, பதின்மூன்றாம் நாள் சுபஸ்வீகாரமும் ஆகி, வந்திருந்த பந்துக்கள் புறப்பட்டுச் சென்ற பிறகு, அகத்தில் எஞ்சியிருப்பவர்கள் அமர்ந்து பேசும் விஷயங்களில் இதுவும் ஒன்று. ஒருவர் திவ்யதேசத்தில் தளிகைக் கட்டளை வைக்கலாம் என்பார். ஒருவர் வேதபாடசாலைக்குத் தரலாம் என்பார். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, மருத்துவமனைக்கோ ஏழை மாணவர் படிப்புக்கோ தருவதே இக்காலத்துக்கு ஏற்றது என்று தொலைபேசியில் சொல்லுவார். எல்லாம் நல்ல எண்ணங்களே. ஆயினும் அப்பேச்சு சில அகங்களில் மனஸ்தாபத்தில் முடிவதையும் காண்கிறோம். எவ்வளவு, எங்கே, எப்போது என்றெல்லாம் பேசுகிறவர்கள், இது யாருக்காக என்பதைப் பேசாமல் விட்டுவிடுவதே அதற்குக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. அக்கேள்வியைப் பூர்வாசார்யர்கள் காட்டிய வழியில் சிறிது விசாரிப்போம்.

அடியோம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வங்கியில் பணிபுரிந்து ஓய்வு பெற்றோம், குன்றத்தூரில் வாஸம். வைப்புநிதிப் பிரிவில் இருந்த காலத்தில், ஆண்டுக்குச் சிலராவது வந்து, “என் அகத்துக்காரர் பெயரிலேயே இந்தப் பணத்தைப் போட முடியுமா? வட்டி கோயிலுக்குப் போகட்டும்” என்று கேட்பதுண்டு. மறைந்தவர் பெயரில் கணக்குத் தொடங்க விதி இடம் தராது. கணக்குக்கு உயிரோடிருக்கும் ஒருவர் வேண்டும். அவர் கையொப்பமிட வேண்டும். தவணை முடிந்தால் புதுப்பிக்க வேண்டும். முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டும். இதை எடுத்துச் சொல்லும்போது வந்தவருடைய முகம் வாடும். கேட்பவருக்குக் கடுமையாகப்படும் இவ்விதியில் ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. மறைந்தவர் பெயரால் நடக்கும் எந்தத் தர்மத்துக்கும், இருக்கிற ஒருவரே பொறுப்பாளி. இதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம்.

முதலில், இத்தர்மம் மறைந்தவருக்காகவா? ‘புண்ணியம் அவர் கணக்கில் சேரும்’ என்று உலகியலில் சொல்வர். நம் ஸம்ப்ரதாயத்தில் இதை அப்படியே எடுத்துக்கொள்ள இடமில்லை. ஆசார்யன் மூலமாக எம்பெருமான் திருவடிகளில் ஸமர்ப்பிக்கப்பட்ட ஆத்மாவுக்குச் சரீரம் விழுந்தபின் கிடைக்கும் பேறு, அவனுடைய க்ருபையாலே கிடைப்பது. நாம் எழுதும் காசோலை அதைக் கூட்டவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது. நூறு ரூபாய் தந்தவருடைய திருத்தகப்பனாருக்கு ஒரு பேறும், லக்ஷம் ரூபாய் தந்தவருடைய திருத்தகப்பனாருக்கு வேறொரு பேறும் என்றிருந்தால் க்ருபை என்ற சொல்லுக்கே பொருளில்லாமற் போகும். பொருள் வசதி இல்லாத அகத்தில் தாயாரை இழந்த பிள்ளைகள், ‘அம்மாவுக்கு நாம் ஒன்றும் செய்ய முடியவில்லையே’ என்று அவருடைய கதியைக் குறித்துக் கலங்க வேண்டியதே இல்லை. ச்ராத்தம் முதலானவை வேறு விஷயம். அவை எம்பெருமானுடைய ஆஜ்ஞை. ஆகையாலே கைங்கர்யமாகச் செய்யப்படுகின்றன. நன்கொடை அவற்றுக்கு மாற்றாகாது. நன்கொடை தந்துவிட்டோம் என்று அவற்றை விடவும் கூடாது.

ஸாத்விக த்யாகத்தை நினைத்தால் இது இன்னும் தெளிவாகும். எந்தக் கர்மத்தைச் செய்தாலும் ‘நான் செய்கிறேன்’ என்பதையும், ‘இது என்னுடையது’ என்பதையும், ‘இதன் பலன் இன்னாருக்கு’ என்பதையும் விட்டுச் செய்ய வேண்டும் என்று பெரியோர்கள் ஸாதிக்கிறார்கள். ‘இதன் பலன் என் தாயாருக்குச் சேரட்டும்’ என்பது ‘எனக்குச் சேரட்டும்’ என்பதைவிட உயர்ந்ததுதான். ஆயினும் பலனை நம் கையில் வைத்துக்கொண்டு நாமே பங்கிடுவதாக அது அமைகிறது. தவிரவும், ‘என் தாயார்’ என்று நாம் சொல்லுகிறவர் நமக்குத் தாயாராவதற்கு முன்பே எம்பெருமானுடைய உடைமை. சில காலம் நம்மிடையே வைத்திருந்தான். தன்னுடைய பொருளைத் தானே அழைத்துக்கொண்டான். அவரைக் கொடுத்தவனுக்கே நாம் அவர் சார்பில் எதையோ செலுத்திக் கணக்கை நேர் செய்கிறோம் என்று எண்ணினால் அது பொருந்துமா?

அப்படியானால் இது நமக்காகவா? ஒருவகையில் ஆம் என்றே சொல்ல வேண்டும். பிரிவால் உண்டான துக்கத்தில் கை சும்மா இருக்க மறுக்கிறது. நாற்பது ஆண்டுகள் ஒருவருக்குக் காலையில் தீர்த்தமும் மருந்தும் எடுத்துக் கொடுத்த கைக்கு, திடீரென்று ஒரு நாள் அந்த வேலை இல்லை. ஏதாவது செய்ய வேண்டும் என்று அது தேடுகிறது. இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் தர்மம் நம் ஆறுதலோடு நின்றுவிட்டால் அதில் மெல்ல மெல்ல வேறொன்று புகுந்துவிடும். கோயில் ப்ராகாரத்தில் தொங்கும் டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று தொடங்கி, மறைந்தவர் பெயர், தந்தவர் பெயர், அவர் வகித்த பதவி, ஊர், கைபேசி எண் வரையில் எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். எழுத்து வளர வளர வெளிச்சம் குறைகிறது. ஸேவிக்க வருகிறவருக்கு வேண்டியது வெளிச்சம். பெயர் அதை மறைக்கும்போது, யாருக்காக என்ற கேள்விக்குத் தந்தவரே விடை எழுதிவைத்துவிட்டார்.

இதைச் சொல்லி நகைப்பது எளிது. பெயர் பொறிக்க விரும்புகிறவர்களில் பெரும்பாலோர் பெருமைக்காக அதைச் செய்வதில்லை என்பது நம் அநுபவம். ‘எனக்குப் பின் இவள் பெயரைச் சொல்ல யார் இருக்கிறார்கள்’ என்ற பயமே அவர்களைச் செய்விக்கிறது. மனிதருடைய நினைவு நீடிக்காது என்பதை அறிந்ததால் கல்லிடம் ஒப்படைக்கப் பார்க்கிறார்கள். நாம் வாழும் குன்றத்தூரிலேயே இதற்கு இரண்டு உதாரணங்கள் உண்டு. சைவப் பெருமக்கள் போற்றும் சேக்கிழார் பிறந்த ஊர் இது. அவருடைய தம்பி பாலறாவாயர் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் குளம் அவர் பெயராலேயே வழங்குகிறது. சேக்கிழாரோ, தாம் பேரன்பு வைத்திருந்த சோழநாட்டுத் திருநாகேச்சரத்தை நினைந்து, இங்கு எழுப்பிய கோயிலுக்கும் அப்பெயரையே இட்டார். ஒன்றில் செய்தவர் பெயர் நின்றது. மற்றொன்றில் செய்தவருடைய அன்புக்கு விஷயமானதன் பெயர் நின்றது. இரண்டும் ஊருக்கு உபகாரமே. ஆனால் அன்புக்குரிய ஒருவரைப் போற்றுவது எப்படி என்ற நம் கேள்விக்கு இரண்டாவதே வழிகாட்டுகிறது.

இனி நம் பூர்வாசார்யர்களிடம் செல்வோம். ஆளவந்தார் திருநாட்டுக்கு எழுந்தருளினபின், பெரிய நம்பி அழைத்துவர, இளையாழ்வார் ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்த வ்ருத்தாந்தம் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஆசார்யனை உயிரோடு ஸேவித்து ஒரு வார்த்தை கேட்கும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை. சரம திருமேனியைத்தான் ஸேவித்தார். அதில் மூன்று திருவிரல்கள் மடங்கியிருப்பதைக் கண்டு, ‘முன்பும் இப்படித்தான் இருக்குமோ’ என்று அருகில் இருந்தவர்களைக் கேட்டார். இல்லை என்று அறிந்து, ஆளவந்தாருடைய திருவுள்ளத்தில் நிறைவேறாமல் இருந்த மநோரதங்கள் எவை என்று விசாரித்தார். பராசர வ்யாஸர்களிடம் நன்றி பாராட்டுதல், நம்மாழ்வாரிடத்தில் பக்தியை வெளியிடுதல், ப்ரஹ்ம ஸூத்ரத்துக்கு நம் தர்சனத்துக்குச் சேர ஒரு வ்யாக்யானம் அமைத்தல் ஆகிய மூன்றையும் தாம் நிறைவேற்றுவதாக ப்ரதிஜ்ஞை செய்ய, ஒவ்வொரு விரலாக நிமிர்ந்தது என்று குருபரம்பரை கூறுகிறது.

இந்த வ்ருத்தாந்தத்தை நம் கேள்வியோடு சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். ‘ஆசார்யன் நினைவாக நான் என்ன செய்ய விரும்புகிறேன்’ என்று அவர் தொடங்கவில்லை. ‘அவர் திருவுள்ளத்தில் என்ன இருந்தது’ என்று கேட்டார். அதற்கான விடை தம்மிடம் இல்லாமையால் அருகில் இருந்தவர்களைக் கேட்டறிந்தார். அதற்குப் பிறகு செய்தவை ஒரு நாளில் முடிந்தவையும் அல்ல. ஸ்ரீபாஷ்யத்துக்காகக் கூரத்தாழ்வானோடு காச்மீரம் வரையில் சென்று வந்தார். ஆழ்வானுடைய திருக்குமாரர்களுக்குப் பராசரர், வேதவ்யாஸர் என்று திருநாமம் சாற்றினார். திருக்குருகைப்பிரான் என்று ஆழ்வாருடைய திருநாமத்தைப் பிள்ளானுக்கு இட்டு, அவரைக்கொண்டு திருவாய்மொழிக்கு ஆறாயிரப்படி அருளிச்செய்வித்தார். பெயர் வைப்பது இங்கும் உண்டு. ஆனால் பெயர் கல்லில் போய்ச் சேரவில்லை. வளர்ந்து கைங்கர்யம் செய்யப்போகிற மனிதர்களிடம் போய்ச் சேர்ந்தது. பட்டர் ஸஹஸ்ரநாமத்துக்கு பாஷ்யம் அருளிச்செய்தபோது, பராசரர் என்ற திருநாமம் முன்னையிலும் ஒளி பெற்றது.

திருமலை அனந்தாழ்வானுடைய வ்ருத்தாந்தமும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. திருவேங்கடமுடையானுக்குப் புஷ்ப கைங்கர்யம் செய்யத் திருமலைக்குப் போவார் உண்டோ என்று எம்பெருமானார் கேட்க, குளிரையும் ஆசார்ய விச்லேஷத்தையும் பொறுத்துக்கொண்டு எழுந்தவர் அவர் ஒருவரே. திருமலையில் நந்தவனம் அமைத்து அதற்கு எம்பெருமானார் திருநாமத்தையே சாற்றினார். நந்தவனத்துக்கு நீர் வேண்டி ஏரி வெட்டும்போது, திருவயிறு வாய்த்திருந்த தேவிகள் மண் சுமந்தார். உதவி செய்ய வந்த சிறுபிள்ளையை, ‘எங்கள் கைங்கர்யத்தில் பங்கு கேளாதே’ என்று விலக்கி, அவன் கேளாமையால் கடப்பாரையை எறிந்தார். அந்தப் பிள்ளை யார் என்பதும், திருவேங்கடமுடையான் திருமோவாயில் பச்சைக் கற்பூரம் சாற்றும் காரணமும் உலகறிந்தவை. அவர் ஏன் அவ்வளவு பிடிவாதமாக இருந்தார்? அன்புக்குரியவர் பெயரால் செய்வதைக் கூலிக்கு விடவோ பிறரிடம் ஒப்படைக்கவோ அவருக்கு மனம் இசையவில்லை. எம்பெருமானார் இந்நிலத்தில் எழுந்தருளியிருந்தபோதே இது நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அன்பரைப் போற்ற அவர் மறையும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இவற்றிலிருந்து நம் கேள்விக்கு விடை கிடைக்கிறது. சேஷபூதனுக்கு ஸ்வரூபம், சேஷியின் திருமுகம் மலரும்படி நடப்பதே. கைங்கர்யத்துக்கு வேறு பலன் இல்லை. அன்புக்குரிய ஒருவர் பெயரால் செய்யும் தர்மத்துக்கும் இதுவே உரைகல். ‘அவர் இங்கிருந்து இதைக் கண்டால் முகம் மலர்வாரோ?’ என்று கேட்க வேண்டும். மலர்வார் என்றால், அதை எம்பெருமானுக்கு ஸமர்ப்பணமாகச் செய்யலாம்; அவர் வாழ்ந்தபோது அவனுக்குச் செய்துவந்த தொண்டின் தொடர்ச்சியாக அது ஆகிறது. அவருக்கு நாம் எதையும் அனுப்பி வைப்பதில்லை. அவர் விட்டுச்சென்ற இடத்தில் நாம் நிற்கிறோம். நாம் அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை இதுவே.

சொல்வது எளிது, ஓர் அகத்தில் இதை நடத்துவது எத்தனை கடினம் என்பதற்கு ஒன்று சொல்கிறோம். நாம் அறிந்த ஒரு குடும்பத்தில் அம்மங்கார் ஒருவர் திருநாடு அலங்கரித்தார். அவருடைய சேமிப்பாக 2,00,000 ரூபாய் இருந்தது. அமெரிக்காவில் இருக்கும் திருக்குமாரர் முழுத்தொகையையும் ஒரு மருத்துவமனைக்குத் தந்துவிட வேண்டும் என்றார். தாம்பரத்தில் இருக்கும் பெண் அம்மாவின் திருநக்ஷத்திரத்தன்று தளிகைக் கட்டளை வைக்க வேண்டும் என்றார். அகத்துப் பெரியவருக்கோ மண்டபத்தில் அவள் பெயரோடு ஒரு சலவைக்கல் பதிக்க ஆசை. மூன்று மாதங்களில் உடன்பிறந்தார் இருவரும் பேசுவதை நிறுத்திவிட்டனர். எதில் போட்டால் எவ்வளவு வட்டி வரும் என்று கேட்கப் பெரியவர் நம்மிடம் வந்தார். வட்டியைச் சொல்வதற்கு முன், அம்மங்கார் அந்தப் பணத்தை எதற்குச் செலவிட்டு வந்தார் என்று கேட்டோம். அவருக்குத் தெரியவில்லை. பாஸ்புக்கைக் கொண்டுவந்து காட்டினார். ஆண்டுதோறும் ஜூன் மாதத் தொடக்கத்தில் ஒரே மாதிரியான தொகை எடுக்கப்பட்டிருந்தது. அகத்துக்குக் கீரை கொண்டுவரும் பெண்மணியைக் கேட்டபோது விஷயம் தெரிந்தது. அவளுடைய மகளின் பள்ளிக் கட்டணம் அது. ஆறு ஆண்டுகளாக நடந்துவந்த இதை அம்மங்கார் அகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பேச்சு வேறு வழியில் சென்றது. அந்தப் பெண்குழந்தையின் படிப்பு முடியும் வரையில் கட்டணத்துக்கு வேண்டியது ஒதுக்கப்பட்டது. அம்மங்கார் சனிக்கிழமைதோறும் ஊர்ப் பெருமாளுக்குத் திருத்துழாய் மாலை கட்டிக் கொடுப்பது வழக்கம். பெண் அதைத் தாம் கட்டுவதாக ஏற்றார். தாம்பரத்திலிருந்து வெள்ளிக்கிழமை மாலையே வந்து தங்குகிறார். எஞ்சியதில் ஒரு பகுதி பிள்ளை விரும்பிய மருத்துவமனைக்குச் சென்றது. சலவைக்கல் பதிக்கப்படவில்லை. பெரியவருக்கு அதில் இன்றும் முழு ஸமாதானம் இல்லை. அவர் குறையை நாம் சிறியதென்று நினைக்கவில்லை. ஆனால் பெயரே சொல்லாமல் ஆறு ஆண்டுகள் கொடுத்து வந்தவருடைய முகம், தம் பெயரைக் கல்லில் கண்டு மலர்ந்திருக்குமா என்று அவரே ஒரு நாள் நம்மிடம் கேட்டார். அதற்கு விடை அவருக்குத்தான் தெரியும்.

எதைச் செய்வது என்பது ஒரு பாதி. அது நிலைத்து நடப்பது மறு பாதி. இதில் நம் முன்னோர் காட்டிய நுட்பம் வியக்கத்தக்கது. சோழர் காலக் கல்வெட்டுகளில், நந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகளைத் தந்த செய்தி நூற்றுக்கணக்கில் கிடைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை என்று கணக்கு வைத்திருந்தார்கள். அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளை ‘சாவா மூவாப் பேராடு’ என்று கல்வெட்டுகள் குறிக்கும். சாகாத ஆடு ஏது? மூப்படையாத ஆடு ஏது? கிழடு கழிந்தால் குட்டி அந்த இடத்துக்கு வரும். மந்தையின் எண்ணிக்கை குறையாது. ஆகவே மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. ஆனால் அந்த மந்தையைக் காலையில் ஓட்டிச் சென்று மாலையில் திருப்பிக்கொண்டு வர ஒரு மனிதர் இருக்க வேண்டும். அவர் இல்லையேல் ஆடு ஒரே ஆண்டில் செத்துவிடும், விளக்கும் அணைந்துவிடும்.

குந்தவைப் பிராட்டியார் தம் பெற்றோருக்குச் செய்த மரியாதையும் இவ்வாறே. தஞ்சைக் கோயிலில் தம் தகப்பனார் சுந்தர சோழருக்கும் தாயாருக்கும் படிமங்கள் எழுந்தருளுவித்து, அவற்றின் பூஜைக்குப் பொருள் வைத்தார். அக்கோயிலுக்கு வைத்த காசுகள் ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டன. சில இடங்களில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு வட்டி. பல இடங்களில் வட்டி நெல்லாகவே அளக்கப்பட்டது. வங்கியில் இருந்தவர்களுக்கு இந்தக் கடைசிச் செய்தியே மிகவும் சுவையானது. காசின் மதிப்பு மாறலாம். தளிகைக்கு வேண்டிய அரிசி மாறாது. வட்டியை நெல்லாக வாங்கியவர்கள் விலையேற்றத்திலிருந்து தர்மத்தைக் காத்தார்கள். அதே பிராட்டியார் தஞ்சாவூரில் ‘சுந்தர சோழ விண்ணகர் ஆதுலர் சாலை’ என்று தகப்பனார் பெயரால் ஒரு மருத்துவசாலையும் கண்டு, வைத்தியருக்கு மருத்துவக்காணியும் தந்தார். விண்ணகர் என்பது எம்பெருமான் கோயில். பிணியுற்றவர் எழுந்து நடக்கும் இடத்துக்குத் தகப்பனார் பெயரை இட்ட அந்த மகளின் திருவுள்ளத்தை நினைத்தால் நெஞ்சு உருகுகிறது.

நம் காலத்துக் கட்டளைகளின் கதையைப் பார்ப்போம். 1990களின் நடுப்பகுதியில் வங்கிகள் நீண்டகால வைப்புக்கு 12 விழுக்காட்டை ஒட்டி வட்டி தந்தன. அன்று ஒருவர் 10,000 ரூபாய் கட்டளை வைத்தால் ஆண்டுக்கு 1,200 ரூபாய் கிடைத்தது. சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் அமுது செய்விக்க அது போதும். அண்மை ஆண்டுகளில் வட்டி 6, 7 விழுக்காடு. அதே 10,000 ரூபாய்க்கு இன்று கிடைப்பது 650 ரூபாய் அளவு. ஒரு கிலோ நெய்க்கே அது சரியாகிவிடும். கோயிலார் என்ன செய்வார்கள்? தளிகையைச் சுருக்குவார்கள், அல்லது கட்டளைப் பதிவேட்டில் பெயர் மட்டும் இருக்கும். அவர்களைக் குறை கூறிப் பயனில்லை. தந்தவர் குடும்பத்தில் ஒருவரும் இருபது ஆண்டுகளாக அந்த ஸந்நிதிக்கு வந்து எட்டிப் பார்க்கவில்லை என்பதே பெரும்பாலான இடங்களில் உண்மை. மேய்ப்பவர் இல்லாத மந்தை போல் ஆயிற்று அந்தப் பணம்.

ஆகையாலே கட்டளையோ அறக்கட்டளையோ வைப்பவர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, வரும் வட்டி முழுவதையும் செலவிடும்படி ஏற்பாடு செய்ய வேண்டாம். 1,00,000 ரூபாய்க்கு 7,000 ரூபாய் வட்டி வந்தால், 4,000 ரூபாயைச் செலவிட்டு 3,000 ரூபாயை முதலிலேயே சேர்க்கச் சொல்லலாம். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகிவிடும். முதல் வளராமல் தர்மம் வளராது. இரண்டாவது, நமக்குப் பின் அதைக் கவனிப்பவர் யார் என்பதை இப்போதே தீர்மானித்து, அவருக்கு அந்த இடத்தைக் காட்டிவைக்க வேண்டும். கடல் கடந்து வாழும் அன்பர்கள் ஊருக்கு வரும்போது பிள்ளைகளை அழைத்துச் சென்று, ‘உன் பாட்டி நிற்கும் இடம் இது’ என்று காட்டலாம். மூன்றாவது, பெருந்தொகை இல்லாதவர் வருந்த வேண்டாம். முதல் போட்டு வைப்பதைவிட, ஆண்டுதோறும் அந்த ஆண்டுச் செலவைத் தாமே தருவது பல சமயம் மேலானது. அதில் ஆண்டுக்கொரு முறையாவது நாமே கையொப்பமிட வேண்டியிருக்கிறது. அவரை நினைக்க வேண்டியிருக்கிறது.

கோயிலுக்கா, பிணியாளருக்கா, மாணவருக்கா என்ற தகராறுக்கும் ஒரு வார்த்தை. திருவாய்மொழியில் மூன்றாம் பத்தின் ஏழாம் திருவாய்மொழியும், எட்டாம் பத்தின் பத்தாம் திருவாய்மொழியும் அடியார்க்கு அடிமைப்படுவதன் ஏற்றத்தைச் சொல்ல வந்தவை என்று வ்யாக்யாதாக்கள் அருளிச்செய்கிறார்கள். எம்பெருமானுக்குச் செய்வதையும் அவனுடையவர்களுக்குச் செய்வதையும் நம் பெரியோர் எதிரெதிராக வைத்ததில்லை. வாலாஜாபாத்துக்கு அருகில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமான திருமுக்கூடலில், எம்பெருமான் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நெடிய கல்வெட்டு ஒன்று உள்ளது. பெருமாளுக்குத் திருவமுதும் விழாக்களும் அதில் சொல்லப்படுகின்றன. அதே கல்வெட்டிலேயே வேதம் கற்கும் மாணவர்க்கு உணவும், சனிக்கிழமை எண்ணெய் நீராட்டுக்கு எண்ணெயும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையும், வைத்தியரும், மருந்து கொணர்வாரும், நோயாளரைப் பார்த்துக்கொள்ளும் பெண்டிரும் சொல்லப்படுகின்றனர். அங்கே இரவில் எரிய ஒரு விளக்குக்கும் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். கர்ப்பக்ருஹத்தில் எரியும் விளக்கும் நோயாளியின் தலைமாட்டில் எரியும் விளக்கும் ஒரே நிவந்தத்தில் எரிந்தன. 900 ஆண்டுகளுக்கு முன் ஒரே சுவரில் இடம் பெற்றவை, ஓர் அகத்தில் உடன்பிறந்தார் இருவரைப் பிரிக்க வேண்டியதில்லை.

எதைத் தேர்ந்தாலும் அது மறைந்தவருடைய அன்பு சென்ற வழியாக இருக்கட்டும். பாசுரம் ஸேவிப்பதில் ஈடுபட்டவர் பெயரால் அத்யாபக கோஷ்டிக்கு ஏதேனும் செய்யலாம். யார் வந்தாலும் பசியோடு அனுப்பாதவர் பெயரால் ததீயாராதனம் செய்யலாம். நோயில் நீண்ட நாள் வாடியவர் பெயரால், அதே நோயில் வாடுகிறவருக்கு மருந்து வாங்கித் தரலாம். அவர் என்ன விரும்பினார் என்று தெரியாவிட்டால், எம்பெருமானார் செய்ததுபோல் அருகில் இருந்தவர்களைக் கேட்கலாம். உறவினர்களுக்குத் தெரியாதது பூக்காரருக்கும் கீரைக்காரருக்கும் மடப்பள்ளிப் பரிசாரகருக்கும் தெரிந்திருக்கும். காசோலை எழுதுவதற்கு முன் அவர்களிடம் ஒரு நாள் போய்ப் பேசுவது நல்லது. பெற்றோரைப் பற்றி நாம் அறியாத ஒன்றை அங்கே அறிந்துகொள்ளக்கூடும்.

பெற்றோர் இன்னும் எழுந்தருளியிருக்கும் பாக்யசாலிகளுக்கு வழி இன்னும் எளிது. அவர்களுடைய திருநக்ஷத்திரத்தன்று அருகில் சென்று அமர்ந்து, ‘உங்களுக்கு எதில் திருவுள்ளம்?’ என்று அவர்களையே கேட்டுவிடலாம். சொல்லும்போது மலரும் அந்த முகத்தையும் கண்ணாரக் காணலாம்.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.